காத்தான் போட்ட கோடுகள்

முன்னொரு காலத்திலே, குரங்குக்கும் நாரைக்கும்கூட மரியாதையாக நாலு வார்த்தை பேசத் தெரிந்திருந்த காலத்திலே, உப்பங்கரை என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே கல்பாலை. கடலில் தண்ணீர் இருந்தது, குடிக்க முடியாது. கல்பாலையில் தண்ணீரே கிடையாது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு அந்த ஊர்க்காரர்கள் உப்பு விளைவித்தார்கள். அதைக் கழுதைமேல் ஏற்றி, பாலையைக் கடந்து, அந்தப் பக்கத்து மலைநாட்டில் கொடுத்துத் தினையும் வரகும் வாங்கி வந்தார்கள்.

கல்பாலை என்றதும் மணலை நினைத்துக்கொள்ளாதீர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கறுத்த பொடிக்கல். ஒரு கல்லை நகர்த்தினால் அடியில் வெளுத்த மண். அந்தக் கறுப்பில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் கிடந்தன. கோட்டின் மேல் நடந்து போகிறவனுக்கு அது ஒற்றையடிப் பாதை, அவ்வளவுதான். கழுகுமேடு என்ற குன்றின் மேல் ஏறிப் பார்த்தவனுக்குத்தான் விஷயம் விளங்கும். அடேயப்பா! அங்கே ஒரு குரங்கு. அதன் சுருட்டிய வால் மட்டுமே ஓர் ஊர் அகலம். அங்கே ஒரு நாரை. அதோ ஒரு ராஜா. அவர் மீசையின் இந்த நுனியில் காலையில் நடக்கத் தொடங்கினால் அந்த நுனிக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும்.

இதையெல்லாம் யார் வரைந்தது? எதற்கு வரைந்தது? கீழே நிற்பவன் பார்க்கவே முடியாத படத்தை எந்தப் புத்திசாலி போட்டான்? தேவர்கள் என்றார்கள் சிலர். ராட்சதர்கள் என்றார்கள் சிலர். ஊர்த் தலையாரி மட்டும், "எங்க பாட்டன் போட்டது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் பாட்டனுக்குத் தன் வீட்டுக்கு ஒழுங்காக வேலி போடவே வராது என்பது ஊருக்கே தெரியும்.

அந்த ஊரில் சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். மனசு நல்ல மனசு, ஆனால் வாயைத் தாண்டித்தான் மனசுக்குப் போக வேண்டும். அவள் புருஷன் பேரோ பேச்சிமுத்து, பேச்சு என்னவோ வாரத்துக்கு நாலு வார்த்தை. அவனுக்கு இடது காலில் ஆறு விரல். இருவருக்கும் ஒரு கழுதை. அது முன்னால் நிமிர்ந்து நடக்கும் தோரணையைப் பார்த்து அதற்குத் தளவாய் என்று பேர் வைத்திருந்தார்கள்.

ஓர் ஐப்பசியில் பேச்சிமுத்து உப்போடு பாலைக்குள் போனான். நடுவழியில் சுரைக்குடுக்கை வெடித்துத் தண்ணீர் எல்லாம் கொட்டிப்போயிற்று. திரும்பி வரும்போது ஆற்றோரப் பாதையாகச் சுற்றிக்கொண்டு வண்டிக்காரர்களோடு வந்து சேர்ந்தான். "அப்புறம் தண்ணிக்கு என்ன செஞ்சீங்க மாமா?" என்று சிலம்பாயி பதறிக் கேட்டதற்கு அவன் சொன்ன பதில் இதுதான்:

"கிணறு ஒண்ணு இருந்துச்சு. குடிச்சேன். வந்தேன்."

பாலையில் ஏது கிணறு என்று அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆள் வந்து சேர்ந்தானே, அது போதும் என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாசி மாதம் வந்தது. ஒருநாள் சாயங்கால வெயிலில் இருவரும் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். சிலம்பாயியின் நிழல் நீளமாக விழுந்தது. கழுதையின் நிழல் அதைவிட நீளமாக விழுந்தது. பேச்சிமுத்துவுக்கு நிழலே இல்லை.

"மாமா, உங்க நிழல எங்க தொலைச்சீங்க?"

"கீழதான் கெடக்கும். பாரு."

கீழே கிடக்கவில்லை. சிலம்பாயி சிரித்தாள். பத்து நாள் கழித்து, ஈரச்சேற்றில் அவன் நடந்தான், தடம் விழவில்லை. அப்போது அவள் சிரிக்கவில்லை. இன்னும் பத்து நாள் கழித்து அவன் பக்கவாட்டில் திரும்பி நின்றான். அவள் கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. எதிரே நின்றால் ஆள் முழுசாக இருந்தான். பக்கவாட்டில் நின்றால் ஒரு கோடுதான் இருந்தது.

வைத்தியர் வந்தார், நாடி பார்த்தார். "உடம்புல பசை இல்ல. மூணு வேளையும் கேப்பைக்கூழ் குடு" என்றார். மூன்று வேளையும் கூழ் கொடுத்ததில் வைத்தியர்தான் ஒரு சுற்றுப் பெருத்தார், ஏனென்றால் தினமும் சாப்பாட்டு நேரம் பார்த்து வந்துகொண்டிருந்தார்.

அப்படி இருக்கையில், வண்டிமலையான் என்ற உப்பு வியாபாரி பாலையிலிருந்து திரும்பினான். வந்ததும் வராததுமாகச் சிலம்பாயி வீட்டுக்குத்தான் ஓடி வந்தான்.

"தங்கச்சி, காணாமப் போன கழுதையத் தேடிக் கழுகுமேட்டுல ஏறினேன். புதுசா ஒரு படம் கெடக்கு. ஆம்பள ஆளு. தலையில உப்புச் சாக்கு. உடம்பெல்லாம் போட்டாச்சு, இடது கால் விரல்தான் பாக்கி. ஒரு நாள் அங்கயே தங்கிப் பாத்தேன், ஒரு நாளைக்கு ஒரு விரலா வெளையுது. நான் நடந்து வந்த நாளையும் சேத்தா இன்னையோட மூணு விரல் ஆயிருக்கும். இன்னும் மூணுக்குக் கல்லை நகர்த்தி அடையாளம் வச்சிருக்கு."

"மூணும் மூணும் ஆறு" என்றாள் சிலம்பாயி.

உள்ளே பாயில் பேச்சிமுத்து படுத்திருந்தான். பக்கவாட்டில் படுத்திருந்ததால் பாயில் யாரும் இருப்பதாகவே தெரியவில்லை. மூன்றாம் நாள் பொழுது சாய்ந்தால் ஆறாவது விரல் விழும். அது விழுந்தால் புருஷன் முழுக்கவும் கோடுதான். சிலம்பாயி அழுதுகொண்டு நிற்கவில்லை. வண்டிமலையானைக் காவலுக்கு வைத்தாள். மூன்று சுரைக்குடுக்கையில் தண்ணீர் நிரப்பினாள். தளவாயின் முதுகில் உப்பு மூட்டைக்குப் பதில் அவற்றைக் கட்டினாள். நேரே மேற்கே நடந்தாள்.

முதல் நாள் முழுக்க நடந்து ஒரு வெள்ளைக் கோட்டை அடைந்தாள். கோட்டோடு நடந்தாள். அது வளைந்தது, மறுபடி வளைந்தது. வளைவின் முடிவில் தரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யம்மா, மகராசி, நான் குரங்கு. நீ நிக்கிறது என் தாடை மேல. ஒரு வாய் தண்ணி இருந்தா ஊத்து."

"இருக்கிறதே மூணு குடுக்கை. என் புருஷன் உசுரு ஊசலாடுது. நான் உனக்கு ஊத்திட்டு எங்க போக?" என்று சத்தம் போட்டாள் சிலம்பாயி. சத்தம் போட்டுக்கொண்டே ஒரு குடுக்கையை அவிழ்த்து, வாய் எது என்று கேட்டு, அங்கே ஊற்றினாள். வாய் நீளமென்று சொன்னேனே தவிர, கை குறுகலென்று நான் சொல்லவில்லையே.

"உன்னை யாரு இப்படிப் போட்டது?"

"தண்ணி குடிச்சேன். வாயில வந்ததைச் சொன்னேன். வழியப் பாத்துப் போனேன். கோடாயிட்டேன்."

"வாயில என்ன வந்துச்சு?"

"எல்லாரும் சொல்றதுதான் தாயி. இப்ப ஞாபகமில்ல."

இரண்டாம் நாள் நாரையின் அலகு நுனியை அடைந்தாள். "ஒரு வாய் தண்ணி" என்றது நாரை. அவள் ஏசினாள், அவிழ்த்தாள், ஊற்றினாள்.

"உன்னை யாரு போட்டது?"

"தண்ணி குடிச்சேன். வாயில வந்ததைச் சொன்னேன். வழியப் பாத்துப் பறந்தேன். கோடாயிட்டேன்."

"நீயாவது சொல்லு, வாயில என்ன வந்துச்சு?"

"அதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சுக்குவா? தும்மல் வர்ற மாதிரி வர்றதுதானே அது."

மூன்றாம் நாள் மத்தியானத்துக்கு மேல் ராஜாவின் மீசையை அடைந்தாள். ஒரு குடுக்கைதான் மிச்சம் இருந்தது. அவளும் குடிக்கவில்லை, தளவாயும் குடிக்கவில்லை.

"யாரங்கே! தண்ணீர் கொண்டு வா!" என்று தரையிலிருந்து அதிகாரம் வந்தது.

"கோடாக் கெடக்கறப்பவும் உத்தரவு போடற புத்தி போகலியே" என்றாள் சிலம்பாயி.

அப்புறம் மெதுவாக, "அம்மா, முந்நூறு வருஷமாகத் தாகம்" என்றார் ராஜா.

அம்மா என்று கூப்பிட்டபிறகு என்ன செய்வாள்? கடைசிக் குடுக்கையும் கவிழ்ந்தது. ராஜாவும் அதே பாட்டைத்தான் பாடினார்: தண்ணீர் குடித்தாராம், வாயில் வந்ததைச் சொன்னாராம், வழியைப் பார்த்துப் போனாராம். கடைசியில் ஒன்று மட்டும் கூடுதலாகச் சொன்னார். "அந்தக் கிணறு தண்ணீர் வைத்திருப்பவர் கண்ணில் படாது. நாக்கு ஒட்டிப்போனவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது நிமிர்ந்து பாரம்மா."

சிலம்பாயி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நேரம் கழுகுமேட்டின் அடிவாரத்தில் கல்லாகக் கிடந்த இடத்தில், விளிம்பு வரை ததும்பிக்கொண்டு ஒரு கிணறு இருந்தது. அதன் அருகே நிழல். நிழலுக்குக் காரணம் மரமில்லை, பாறையில்லை. முட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு பூதம் உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருக்கும்போதே குன்றின் பாதி உயரம். சுண்டுவிரல் பனைமரம் தண்டிக்கு இருந்தது.

"குடி" என்றது பூதம்.

சிலம்பாயி பயந்தாள்தான். ஆனால் நாக்குக்குப் பயம் தெரியவில்லை. இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். கருப்பட்டி போடாமலே இனித்தது அந்தத் தண்ணீர். தளவாயும் முகத்தை முக்கிக் குடித்தது. குடித்த தெம்பில் அது தோரணையாக மேட்டைப் பார்த்து நடையைக் கட்டியது.

"ஏய், நில்லு! அண்ணே, கொஞ்சம் இருங்க, இந்தச் சனியனைப் பிடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பூதம் சட்டென்று முன்னால் குனிந்தது. "வருவியா?" என்று கேட்டது. அதன் கை தானாகத் தரைக்குப் போய்க் கல்லைத் தள்ளத் தொடங்கியது. ஒரு பெண்ணின் கொண்டை உருவாயிற்று. காது உருவாயிற்று. மூக்கைப் போடப் போகும்போது சிலம்பாயி கழுதையின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

பூதத்தின் கை அந்தரத்தில் நின்றது.

"வந்துட்டியே!" என்றது. "வாரேன்னு சொன்னே. வந்துட்டியே!"

சிலம்பாயிக்கு அப்போதுதான் சுருக்கென்றது. குரங்கின் வாயில் வந்தது, நாரையின் வாயில் வந்தது, ராஜாவின் வாயில் வந்தது, தன் புருஷன் வாயில் வந்தது எல்லாம் இதுதானே! யார் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் கிளம்பும்போது நாம் என்ன சொல்கிறோம்? 'போறேன்' என்று சொல்கிறோமா? சொன்னால் பெரியவர்கள் வாயில் போட மாட்டார்களா? 'போயிட்டு வாரேன்' என்றுதானே சொல்கிறோம்.

"அண்ணே, உங்க பேரு?"

"காத்தான்."

"கிணத்தைக் காக்கிறதாலயா?"

"ஆமா. காத்துக் கெடக்கிறதாலயும்." பூதம் பெருமூச்சு விட்டதில் கிணற்றில் அலை அடித்தது. "முதமுதல்ல ஒரு மந்திரவாதி என்னை இங்க உக்கார வச்சான். தாகத்தோட வர்றவங்களுக்குத் தண்ணி குடு, நான் போயிட்டு வாரேன்னான். ஆயிரம் வருஷமாச்சு. அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாரும் குடிச்சாங்க, போயிட்டு வாரேன்னாங்க. எங்க பூத சாதிக்குச் சொன்னா சொன்னதுதான். சொன்னவங்க வருவாங்கன்னு நான் உக்காந்திருக்கேன். வந்தா அடையாளம் தெரியணுமே, முகம் மறந்துடக் கூடாதேன்னு ஒவ்வொருத்தரையும் சின்னதா வரைஞ்சு வச்சிருக்கேன்."

"இதா சின்னது?"

"உனக்குப் பெருசு. எனக்கு இது உள்ளங்கை அகலம்."

கேட்டீர்களா? தேவரும் இல்லை, ராட்சதரும் இல்லை, தலையாரியின் பாட்டன் இல்லவே இல்லை. ஊர் உலகமே மண்டையை உடைத்துக்கொண்ட படங்கள் இவ்வளவுதான். வருவதாகச் சொன்னவர்களின் முகம் மறந்துபோகாமல் இருக்க ஒரு பூதம் போட்டு வைத்தது.

ஆனால் சிலம்பாயிக்கு ஆச்சரியப்பட நேரமில்லை. பொழுது மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. கோடு இங்கே விழ விழ அங்கே தன் புருஷன் தேய்கிற கதையை மூச்சு விடாமல் சொன்னாள். காத்தான் திகைத்துப் போயிற்று. பாவம், அதற்கு இது தெரியவே தெரியாது.

"அய்யோ, அந்த ஆறு விரல்காரனா? நல்ல மனுசனாச்சே! ஆனா நான் என்ன செய்ய? என் கை என் பேச்சைக் கேக்காது. மந்திரவாதி போட்ட கட்டு அப்படி. வாரேன்னு சொன்னவங்கள்ல ஒருத்தர் வர்ற வரைக்கும் கை ஓயாது."

"நான் வந்தேனே!"

"நீ கழுதைக்காகப் போனே, கழுதையோட வந்தே. எனக்காக வரலியே."

சிலம்பாயிக்குப் படபடப்பில் புத்தி கெட்டது. "அண்ணே, அது எங்க ஊருல சும்மா சொல்றது. யாரும் வரணும்னு சொல்றதில்ல. சும்மா!" என்று சொல்லிவிட்டாள்.

சொல்லக்கூடாத சொல் அது. காத்தானின் முகம் சுருங்கியது. "சும்மாவா?" என்றது. "ஆயிரம் வருஷமா எல்லாரும் எங்கிட்ட சும்மாவா சொன்னாங்க?" விளிம்பு வரை ததும்பிய தண்ணீர் ஒரு முழம் இறங்கியது. அதன் கை எழுந்து, தூரத்தில் கிடந்த ஆறாவது விரலை நோக்கி நகர ஆரம்பித்தது.

சிலம்பாயி இரண்டு கையாலும் அந்தச் சுண்டுவிரலைக் கட்டிப்பிடித்துத் தொங்கினாள்.

"இல்லண்ணே, நான் தப்பாச் சொல்லிட்டேன்! சும்மா இல்ல. போறேன்னு சொன்னா அதோட முடிஞ்சு போயிடுமோன்னு எங்களுக்குப் பயம். முடிய வேண்டாம்னு ஆசை. அதான் வாரேன்னு சொல்றோம். ஆசைப்பட்டுத்தான் சொல்றோம். அப்புறம் வீடு, அடுப்பு, உப்பு, கழுதைன்னு மறந்துபோயிடறோம். பொய் சொல்லலண்ணே. மறந்துட்டோம்."

கை நின்றது. காத்தான் அவள் பக்கம் குனிந்தது.

"அப்படின்னா நீ போயிட்டு வா" என்றது. "மேட்டைத் தாண்டி, என் கண்ணுக்கு மறைவாப் போ. மந்திரவாதி அங்க ஒரு வித்தை வச்சிருக்கான். திரும்பி வரணும்னு தெரிஞ்சே போறவங்க கண்ணுக்கு அவங்க வீட்டு வாசல் தெரியும். ஒரே ஓர் எட்டு வச்சா வீட்டுல இருக்கலாம். அந்த எட்டை வைக்காம, பொழுது சாயறதுக்குள்ள எனக்காகத் திரும்பி வந்தா கட்டு அறும். வச்சியோ, உனக்கும் இங்க ஒரு கோடு."

சிலம்பாயி முந்தானையை இழுத்துச் செருகினாள். "போயிட்டு வாரேன் அண்ணே" என்றாள். இந்த முறை ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தே சொன்னாள்.

மேட்டைத் தாண்டினாள். வித்தை பொய்யில்லை. காலடியில் அவள் வீட்டு வாசல் தெரிந்தது. காலையில் வண்டிமலையான் தெளித்த தண்ணீர் காய்ந்த தடம்கூடத் தெரிந்தது. வாசலில் பேச்சிமுத்து உட்கார்ந்திருந்தான். எதிரே நின்று பார்த்தும் இப்போது பாதிதான் தெரிந்தான். வண்டிமலையான் ஊட்டிய கூழ் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

"சிலம்பு" என்று கூப்பிட்டான். "எங்க போயிட்ட?"

வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவன் அதில் மூன்றை அவளுக்காகச் செலவழித்துவிட்டான். அவள் கால் தானாக எழும்பியது. ஓர் எட்டு. கையைப் பிடித்துக்கொள்ளலாம். பூதம் சொன்னது நிஜமோ புளுகோ யார் கண்டது? கட்டு அறாவிட்டால்? கடைசி நேரத்தில் பக்கத்தில்கூட இல்லாமல் போய்விட்டால்?

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது, கேளுங்கள்.

இந்த முகம் போன ஐப்பசியிலேயே அல்லவா போயிருக்க வேண்டும்? குடுக்கை வெடித்த அன்றைக்கே, அந்தக் கல்லில் நாக்கு வறண்டு சுருண்டு விழுந்திருக்க வேண்டிய ஆள் அல்லவா இவன்? அதற்கப்புறம் இவனோடு உண்ட ஒவ்வொரு வேளைச் சோறும் யார் கொடுத்தது? கார்த்திகையில் சேர்ந்து விளக்கேற்றினார்களே, தையில் பொங்கல் பொங்கும்போது ஊரெல்லாம் கத்த இவன் மட்டும் வாயைத் திறக்காமல் நின்று அவளிடம் ஏச்சு வாங்கினானே, அதெல்லாம் யார் கொடுத்த நாள்? அந்தக் கிணற்றடியில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அது கொடுத்தது. அதனிடம் போய், புருஷனைக் கொடு, புருஷனைக் கொடு என்று அடித்துக்கொண்டாளே. கொடுத்தவனே அந்தக் காத்தான்தானே! அவனிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னாளா?

அவளுக்குக் குப்பென்று கண்ணில் நீர் வந்தது. அந்தக் கண்ணீரில் வாசல் கலங்கியது.

"மாமா, இருங்க. ஒருத்தருக்கு ஒண்ணு சொல்லாம வந்துட்டேன்" என்றாள். காலைப் பின்னால் வைத்தாள். திரும்பினாள். மேட்டின் மேல் ஓட்டமாக ஓடினாள். கல் குத்தியது, செருப்பு அறுந்தது, ஓடினாள். குனிந்து பார்த்தபோது தன் நிழல் பாதி போயிருந்தது, அப்போதும் ஓடினாள்.

கிணற்றடியில் காத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வரவில்லை என்று பார்ப்பதைவிடப் பார்க்காமலே இருப்பது அதற்குப் பழகிவிட்டது போலும். அதன் கை ஆறாவது விரலுக்கான முதல் கல்லைத் தொட்டுவிட்டது.

சிலம்பாயி அதன் முன்னால் போய் நின்றாள். மூச்சு வாங்கியது. புருஷனைக் கேட்க வந்தவள் புருஷன் பேச்சையே எடுக்கவில்லை.

"அண்ணே, அன்னைக்கு என் வீட்டுக்காரருக்குத் தண்ணி குடுத்தீங்க. அவரு உசுரோட வந்தாரு. நாலு மாசம் அவரோட நல்லபடியா வாழ்ந்தேன். இன்னைக்கு எனக்கும் குடுத்தீங்க. வயிறு குளுந்து போச்சு. நீங்க நல்லா இருக்கணும்ண்ணே. நூறாண்டு நல்லா இருக்கணும்."

ஆயிரம் வயது தாண்டிய பூதத்தைப் போய் நூறாண்டு இரு என்கிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். காத்தான் சிரிக்கவில்லை. குரங்கு குடித்தது, நாரை குடித்தது, ராஜா குடித்தார். காத்தானைப் பார்த்து நல்லா இரு என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. பூதத்தை யார் வாழ்த்துவார்கள்? எல்லோருக்கும் அதைக் கண்டால் ஓடத்தானே தோன்றும்?

காத்தான் அவள் பக்கம் காதைச் சாய்த்தது. "இன்னொரு தடவை சொல்லு" என்றது.

"நல்லா இருங்கண்ணே."

"இன்னொரு தடவை."

"நல்லா இருங்க!"

மூன்றாவது முறை சொன்னபோது கழுகுமேடு குலுங்கியது. காத்தானின் கையைக் கட்டியிருந்த கட்டு சடசடவென்று அறுந்தது. கண்ணுக்குத் தெரியாத கட்டுதான், ஆனாலும் சத்தம் உப்பங்கரை வரை கேட்டதாம். கை முதல்முறையாக அது சொன்ன பேச்சைக் கேட்டது. ஆறு விரல்காரன் படத்தின் மேல் அது உள்ளங்கையால் ஒரு தடவு தடவியது. கல் எல்லாம் உருண்டோடிப் பழைய இடத்தில் உட்கார்ந்தது. பாதிப் போட்ட கொண்டைக்காரி படமும் அப்படியே அழிந்தது.

உப்பங்கரையில், வாசலில், பேச்சிமுத்துவின் நிழல் தொப்பென்று விழுந்தது. பக்கத்தில் படுத்திருந்த வண்டிமலையானின் நாய் அதற்குப் பயந்து குரைத்தது.

குரங்கின் மேல் காத்தான் கை வைக்கும் முன்பே அது எழுந்துவிட்டது. வெள்ளைக் கோட்டை விட்டு நிஜக் குரங்காகத் துள்ளி வந்தது. நாரை சிறகை உதறி வந்தது. ராஜா மீசையைத் தடவிக்கொண்டே வந்தார், மீசை சாதாரண அளவில் இருந்தது குறித்து அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மூவரும் கிணற்றடியில் வந்து நின்று, அன்று சொல்ல மறந்ததை இன்று வாய் நிறையச் சொன்னார்கள். ராஜாவுக்குத்தான் நல்லா இரு என்று உத்தரவு மாதிரி இல்லாமல் சொல்ல மூன்று முறை முயல வேண்டியிருந்தது. அவர்கள் எழுந்து போன இடத்துத் தடங்களைக் காத்தான் அழிக்கவில்லை. "திரும்பி வந்தவங்களாச்சே, இருக்கட்டும்" என்று விட்டுவிட்டது. இன்றைக்கும் அவை அங்கேதான் கிடக்கின்றன.

மேட்டின் வித்தை இன்னும் மிச்சமிருந்தது. சிலம்பாயி கழுதையோடு ஓர் எட்டு வைத்தாள், வீட்டில் இருந்தாள். பேச்சிமுத்துவை முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பக்கமும் ஆள் கனமாக இருந்தான். அதற்கப்புறம்தான் அழுதாள். அழுகையின் நடுவில் ஏசினாள், ஏசிக்கொண்டே சோறு போட்டாள்.

மறுவாரமே இருவரும் பாலைக்குப் புறப்பட்டார்கள். தளவாயின் முதுகில் ஒரு பக்கம் உப்பு, மறுபக்கம் ஒரு பெரிய தவலை நிறையப் புளிச்சோறு. அந்தக் கிணறு இப்போது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பேச்சிமுத்து காத்தானின் முன்னால் போய் நின்றான். என்ன பேச வேண்டுமென்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். ஒன்றும் வரவில்லை. நிற்கிற இடத்திலேயே நின்று, இரண்டு கையையும் குவித்து, தேம்பித் தேம்பி அழுதான்.

காத்தான் குனிந்தது. அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தது. வரைந்து வைக்காமலே அடையாளம் தெரிந்துவிட்டது.

"வந்தியா?" என்றது. "வா, வா. சாப்பிட்டியா?"

இலை போட்டார்கள். காத்தானுக்கு ஒரு தவலைச் சோறு ஒரு பருக்கைதான். ஆனாலும் அது கண்ணை மூடி, மெதுவாக, ஒரு நாழிகை மென்றது. தண்ணீர் கொடுத்தவரும் நல்லா இருக்க, குடித்தவரும் நல்லா இருக்க, இவ்வளவு நேரம் காது கொடுத்த நீங்களும் நல்லா இருக்க, என் கதை இத்தோடு நிறைந்தது.